அடுத்த சர்வீஸ் தேதி

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
குட்டி யானையின் பின்னால் காலி ஐஸ் பெட்டி,
முன்னால் நானும் டிரைவர் ஏசுபாதமும்.
கூட்ஸ் போகிறது, நிலக்கரி, நிலக்கரி, நிலக்கரி.
எண்ணிக்கொண்டே வந்து நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
போன் மூன்றாவது முறை:
"எப்பண்ணா வருவீங்க, ஈ மொய்க்குது."
வந்துகிட்டே இருக்கோம் என்றேன்.
வண்டி நின்றுகொண்டே இருந்தது.

யார் வீடு என்று முதலாளி சொல்லவில்லை.
எங்கள் நோட்டில் செத்தவர் பெயர் ஏறாது,
பணம் கட்டுகிறவர் பெயர்தான்.
சந்துக்குள் நுழைந்து
செருப்புக் குவியலைத் தாண்டின பிறகுதான் தெரிந்தது:
தேசப்பன்.

இந்தப் பெட்டிக்கு வைத்தியரே அவர்தான்.
மாசி மகத்துக்கு முதல் நாள்
பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கேஸ் ஏற்றினார்.
அணைந்த பீடியைக் காதில் செருகிக்கொண்டு
கம்ப்ரசர் தகரத்தில் மார்க்கரால் எழுதினார்:
கேஸ் 11-3. அடுத்து 11-9.
"ஆறு மாசம் கேரண்டி, போ" என்றார்.

இது ஜூன்.

தூக்கி வைத்தோம்.
ஆள் உயரம், முழங்காலைக் கொஞ்சம் மடக்க வேண்டியிருந்தது.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும்
நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே.
பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து
பிளக் செருகினேன்.
பெட்டி உறுமியது, அவர் சரிசெய்த அதே உறுமல்.

கண்ணாடியில் ஆவி படிகிறது.
கன்னியம்மாக்கா முந்தானையால் துடைத்தால்
தேசப்பன்.
கையை எடுத்தால் வெறும் வெள்ளை.
துடைத்தால் இருக்கிறார்.
இரவெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தது அந்த அம்மா,
விட்டால் போய்விடுவார் என்பதுபோல.

இரண்டு மணிக்குப் பெட்டி நின்றது.
கரெண்ட் இருக்கிறது, லைட் எரிகிறது,
மோட்டார் மட்டும் இல்லை.
எட்டு வருஷப் பழக்கம்,
கை தானாகப் போனுக்குப் போய்
'தேசப்பன் மெக்கானிக்'கை அழுத்திவிட்டது.

கொடியில் தொங்கிய சட்டையின் பையில் மணி அடித்தது.

ஒப்பாரி பாதியில் நின்றது.
சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.
சின்ன மகன் கோபி, ஏழாவது படிக்கிறவன்,
சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தவன்
எழுந்து, பார்க்காமலே எடுத்து,
கடன்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின குரலில் சொன்னான்:
"அப்பா வெளிய போயிருக்காரு.
காலைல வந்துருவாருண்ணா."

அவனுக்கும் எனக்கும் இடையே மூன்றடி.
அதை நான் இரண்டு முறை கேட்டேன்,
முதலில் நேராக,
பிறகு போனில், கொஞ்சம் பிந்தி.
"சரிப்பா" என்றேன்.
அவன் வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தான்.
அப்புறம்தான் அழுதான்.

இடது பக்கம் கீழே, கம்ப்ரசருக்கு மேல்,
உள்ளங்கையால் ஒரு தட்டு.
அவர் செய்து பார்த்திருக்கிறேன்.
தட்டினேன். ஓடியது.
யாரும் எதுவும் பேசவில்லை.

மூலக்கொத்தளத்தில் மண் தள்ளியாயிற்று.
ஷெட்டில் பெனாயில் ஊற்றிப் பெட்டியைக் கழுவினோம்.
ரப்பர் விளிம்பில் சாமந்தி இதழ் ஒன்று சிக்கியிருந்தது,
விரலால் நோண்டி எடுத்தேன்.
தகரத்தில் 11-9 மேல் ஈரத்துணி பட்டது, அழியவில்லை.
நல்ல மார்க்கர்.
சாயங்காலமே காசிமேட்டிலிருந்து ஆர்டர்.

நான்காம் நாள், மறுபடியும் அதே கேட்.
பின்னால் காலிப் பெட்டி, எதிரே நிலக்கரி.
மடியில் போன் நடுங்குகிறது.
தேசப்பன் மெக்கானிக், என்று மின்னுகிறது.
பையனாகத்தான் இருக்கும்.
அட்வான்ஸுக்கோ, ஆதார் ஜெராக்ஸுக்கோ கேட்பான்.
ஏசுபாதம் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
கடைசிப் பெட்டி போய்
கேட் மேலே ஏறும்வரை
அது அடித்து ஓயட்டும் என்று
இருவருமே உட்கார்ந்திருந்தோம்.